சிவப்பு மையில் வந்த பதில்

என்னைத் திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டிவிடுங்கள். நடுவில் நிறுத்தி, இப்படியும் ஒருத்தி உண்டா என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும், மீதியைச் சொல்ல மாட்டேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று யாராவது பரிந்துகொண்டு வருவார்கள். அதெல்லாம் வேண்டாம். எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

ஆந்திராவில் புத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே டீச்சர், ருக்மணி டீச்சர். திருப்பதியில் வீடு. கணவர் கோயிலில் கைங்கரியம். தினமும் ரயிலில் புத்தூர் வந்து, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போதே பாதி உயிர் போயிருக்கும்.

அந்த வருஷம் ஜூன் மாதம் மண்டல ஆபீசிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் வாரம் இருபது வரி எழுத வேண்டும். புத்தகப் பெட்டியிலிருந்து எடுத்துப்போய்ப் படித்ததில் பத்து வரி, கண்ணால் பார்த்ததில் பத்து வரி. டீச்சர் சிவப்பு மையில் திருத்தி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். சோதனைக்கு வருகிற அதிகாரி தெலுங்குக்காரர். தமிழில் அவருக்கு அ கூடத் தெரியாது. நோட்டை விரித்துச் சிவப்பு தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பார். தெரிந்தால் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

டீச்சர் இரண்டு வாரம் படிக்காமலே டிக் போட்டுத் தள்ளினார். மூன்றாவது வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் ஏழாம் வகுப்பு லீடர், ஸ்வர்ணலதா. எல்லோருக்கும் சொர்ணா.

"சொர்ணா, என் எழுத்து உனக்கு எழுத வருமோ?"

வரும். டீச்சருடைய சாய்ந்த எழுத்தை நான் ஆறாம் வகுப்பிலிருந்தே எழுதிப் பழகியிருந்தேன். கையெழுத்தும் சேர்த்து.

"டிக் போடு, பத்துக்கு எட்டோ ஏழோ போடு, தேதியைப் போட்டு என் கையெழுத்தையும் போட்டுடு. யார்கிட்டேயும் மூச்சு விடப்படாது. ஹெச்.எம். கேட்டாலும் நான்தான் திருத்தினேன்னு சொல்லணும், தெரிஞ்சுதா?"

சிவப்புப் பேனா என் கைக்கு வந்தது. குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அதுதான். வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். வெள்ளிக்கிழமை காலையில் நோட்டுகள் பிள்ளைகளுக்குத் திரும்பிப் போகும். டீச்சர் சொன்னபடி டிக் மட்டும் போட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் நான் படித்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஆள் நான்தான்.

பெரும்பாலும் குப்பை. பசு ஒரு வீட்டு விலங்கு, எங்கள் ஊரில் ஒரு கோயில் உண்டு, இந்த மாதிரி. என் வகுப்பில் படித்த பரணியின் நோட்டு மட்டும் அப்படி இல்லை. அவள் இருபது வரி கேட்டால் நாற்பது வரி எழுதுவாள். அம்மா கிடையாது. காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா செங்கல்வராயனும் அவளும்தான், அவரை நைனா என்று கூப்பிடுவாள். ஒரு ஏக்கர் வேர்க்கடலையும் ஒரு மோட்டாரும் அவர்கள் சொத்து. கரண்ட் வராத நாளில் அவள் நைனா மோட்டாரிடம் தெலுங்கில் பேசுவாராம், கரண்ட் வந்துவிட்டால் தமிழுக்கு மாறிவிடுவாராம். இதை அவள் எழுதியிருந்ததைப் படித்து அரிசி மூட்டை மேல் புரண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் வயிற்றெரிச்சல். பத்துக்கு ஆறு போட்டேன்.

ஒரு வாரம் அவள் நோட்டின் கடைசியில் கோடு போட்டு, அதற்குக் கீழே டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். "டீச்சர், பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதும்போது லீடர் ஸ்வர்ணலதா, நாவல்பழம் கொடுக்கிறவர்கள் பெயரை விட்டுவிடுகிறாள். நான் கொடுக்காததால் பேசாத அன்றும் என் பெயரை எழுதுகிறாள். நீங்கள்தான் கேட்க வேண்டும்."

என்னைப் பற்றிய புகார் என்னிடமே வந்து உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் எரிந்தது. சிவப்பு மையில், டீச்சருடைய சாய்ந்த எழுத்தில் எழுதினேன்: "பிறரைக் குறை சொல்வது நல்ல பிள்ளைக்கு அழகல்ல. ஸ்வர்ணலதா பொறுப்பான பெண். அவளிடம் மன்னிப்புக் கேள்."

வெள்ளிக்கிழமை இடைவேளையில் பரணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிக்கோ சொர்ணா. உம்மேல தப்பா நெனச்சிட்டேன்" என்றாள். முந்தானை இருந்தால் அதில் முடிந்து வைத்துக்கொண்டிருப்பேன், அவ்வளவு இனிப்பாக இருந்தது.

அடுத்த வாரம் அவள் மறுபடியும் கோட்டுக்குக் கீழே எழுதியிருந்தாள். டீச்சர் தனக்குப் பதில் எழுதியதால் ராத்திரி தூக்கம் வரவில்லையாம். இதுவரை யாரும் தனக்குக் கடிதம் எழுதியதில்லையாம். நானும் விடவில்லை. "உன் எழுத்து நன்றாக இருக்கிறது, இன்னும் எழுது" என்று பதில் போட்டேன். எனக்கு வாசிக்கக் கிடைக்கும் அல்லவா. அடுத்த பதிலில் ஒரு நிபந்தனையும் போட்டேன். "நாம் இப்படி எழுதிக்கொள்வது யாருக்கும் தெரியக் கூடாது. வகுப்பில் என்னிடம் இதைப் பற்றிப் பேசாதே. தெரிந்தால் என் வேலை போய்விடும்." வேலை போய்விடும் என்பது எங்கள் ஊரில் பெரியவர்கள் எதற்கெடுத்தாலும் சொல்வது. நானும் எடுத்துப் போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து பரணி வகுப்பில் டீச்சரைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. டீச்சர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பெயர்கூட நினைவிருந்ததா என்று சந்தேகம். அந்தப் பராமுகத்தைப் பார்த்துப் பரணி பூரித்துப்போவாள். டீச்சர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ரகசியத்தைக் காப்பாற்றுகிறார் என்று அவளுக்கு ஆச்சரியம். பைத்தியக்காரி.

ஆகஸ்டு மாதம் அந்தக் கடிதம் வந்தது. அன்று பார்த்ததில் பத்து வரியும் இல்லை, படித்ததில் பத்து வரியும் இல்லை. நேராகக் கடிதம்தான்.

"டீச்சர், பலமனேரில் என் அத்தை இடுப்பு உடைந்து படுத்திருக்கிறார்கள். நாலு கறவை மாடு இருக்கிறது, கறக்க ஆள் இல்லை. நைனா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அங்கே அனுப்பப்போகிறார். போனால் திரும்பி வர முடியாது. நான் படிக்க வேண்டும் டீச்சர். நைனா நான் சொன்னால் கேட்க மாட்டார், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். உங்கள் மேல் அவருக்கு மரியாதை. நீங்கள் பதில் எழுதாவிட்டால் சனிக்கிழமை வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் உங்கள் காலில் விழுந்து கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்."

அரிசி அறையில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. நோட்டை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போய் இதைப் படியுங்கள் என்று கொடுத்திருக்கலாம். பத்தடி தூரம். ஆனால் கொடுத்தால் மேலே உள்ள என் பதில்கள் எல்லாம் தெரிந்துவிடும். லீடர் வேலை போகும், பேனா போகும், முதுகுத் தோலும் போகும். அவள் சனிக்கிழமை காலில் விழுந்தாலும் அதே கதிதான். எப்படியாவது அவள் வாயை அடைக்க வேண்டும். பயத்தில்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், பாதி உண்மைதான். மீதிப் பாதி என்னவென்றால், எழுத எழுத எனக்கு நன்றாக இருந்தது. ஒருத்தியின் தலையெழுத்து என் பேனா முனையில் நிற்கிறது என்றால் யாருக்குத்தான் கை நிற்கும்.

"அன்புள்ள பரணி, கவலைப்படாதே. வகுப்பில் எதுவும் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானே உங்கள் வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் பேசுகிறேன். அவரை எங்கும் போகாமல் இருக்கச் சொல்."

கீழே கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே செங்கல்வராயன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் மழித்து, கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எங்கள் தெருவில் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி எங்கள் வீட்டில்தான் இருந்தது.

"கமலம்மா, உங்கூட்டு சேரு கொஞ்சம் குடும்மா. எங்கூட்டுக்கு டீச்சரம்மா வருது."

என் அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "டீச்சரா? திருப்பதிலேர்ந்து உங்கூட்டுக்கா? இன்னாத்துக்கு?"

"பரணியப் பத்திப் பேச. எழுதி அனுப்பிச்சிருக்காங்க" என்றார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சொர்ணா, சேரத் தொடச்சி எடுத்துகினு போய்க் குடுத்துட்டு வா" என்றாள் அம்மா.

நாற்காலியைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார், சின்னப் பெண்ணிடம் பேசுகிறோம் என்றுகூடத் தோன்றவில்லை போல.

"எனுக்கு மட்டும் அத அனுப்பணும்னு ஆசையா கீது? அக்கா படுத்த படுக்கையா கீறா. கூடப் பொறந்தவ கேட்டா எந்த மூஞ்சிய வச்சிகினு இல்லன்னு சொல்றது. டீச்சரம்மா எங்கூட்டுக்கே வந்து ஒரு வார்த்த சொல்லிட்டாங்கன்னா போதும். பாரு அக்கா, படிச்சவங்க வந்து கேட்டாங்க, நா இன்னா செய்யட்டும்னு சொல்லிப்பேன். அக்காவும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒரே ஒரு பெரிய மனுஷர் வாயிலிருந்து ஒரு வார்த்தை. அது கிடைத்தால் பரணி பள்ளிக்கூடத்திலேயே இருந்திருப்பாள். இது எனக்கு அந்த நாற்காலியைச் சுமந்துகொண்டு போகும்போதே தெரியும். வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவள் மாதிரி நடந்தேன்.

பரணி வாசலைக் கழுவிக் கோலம் போட்டிருந்தாள். நாற்காலியை வாங்கி நிழல் விழும் இடம் பார்த்துப் போட்டாள், பிறகு எடுத்து இன்னும் இரண்டடி தள்ளிப் போட்டாள். உள்ளே ஒரு தட்டில் பிஸ்கட்டும், தண்ணீர் வாளிக்குள் குளிர்ச்சிக்காக முக்கி வைத்த கலர் சோடாவும் இருந்தன.

"அவங்க நம்ம வூட்டுல துன்ன மாட்டாங்க இல்ல, அதான் சோடா. சோடா குடிப்பாங்கதான?" என்று என்னைக் கேட்டாள்.

"குடிப்பாங்க" என்றேன்.

பத்து மணிக்கு அவள் ஆட்டோ நிற்கும் இடத்துக்குப் போய் நின்றாள். என்னையும் கூட இழுத்துக்கொண்டு போனாள். புத்தூரிலிருந்து வருகிற ஒவ்வொரு ஆட்டோவையும் குனிந்து குனிந்து பார்த்தாள். பதினொன்று ஆனது. ரயில் லேட்டாக இருக்கும் என்றாள். பன்னிரண்டு ஆனது. வெயிலுக்குப் பயந்து சாயந்திரமாக வருவார் என்றாள். எனக்குப் பசி எடுத்தது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அவள் அங்கேயேதான் நின்றாள். அவள் நைனாவும் சாப்பிடவில்லை. சட்டை கசங்கிவிடும் என்று கட்டிலில்கூடப் படுக்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான். ஒரு தரம் வாயைத் திறந்தேன், "பரணி" என்று கூப்பிடவும் செய்தேன். அவள் திரும்பி, "உனுக்கும் வரமாட்டாங்கன்னு தோணுதா?" என்று கேட்டாள். "இல்ல, வருவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஆறு மணிக்கு அம்மா நாற்காலியைத் திருப்பி வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். செங்கல்வராயன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். பரணி சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்துகினு போம்மா. யாரும் உக்காராத சேரு, தொடைக்கக்கூட வேணாம்" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "வர்றேன்னு சொல்லிட்டு வரல பாரு. உம்மேல அவங்களுக்கு அவ்ளோதான் அக்கற. காலைல டி.சி. வாங்கிகினு அப்படியே பஸ் ஏறிடலாம்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அது இருந்திருந்தால் தேவலாம்.

திங்கட்கிழமை முதல் மணி அடித்த உடனே அப்பாவும் மகளும் ஹெச்.எம். அறைக்கு வந்துவிட்டார்கள். ஹெச்.எம். ஹரிபாபு சார் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுவார், தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் வருகைப் பதிவேடு எடுத்துக்கொண்டு போனவள் கதவருகில் அப்படியே நின்றுவிட்டேன். ருக்மணி டீச்சர் அப்போதுதான் வந்து கைப்பையை மேசையில் வைத்திருந்தார்.

"ஏமய்யா, நடுவுல டி.சி. எந்துக்கு?" என்றார் சார்.

"நேத்து டீச்சரம்மா வந்து பேசறேன்னு எழுதியிருந்தாங்க. நாளெல்லாம் பாத்துகினு இருந்தோம், வரல. பரவால்ல. பொண்ண இட்டுகினு போறேன்" என்று சொல்லிச் செங்கல்வராயன் நோட்டை விரித்து மேசையில் வைத்தார். பக்கம் முழுக்கச் சிவப்பு.

சார் நோட்டைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "டீச்சர், மீரா ராசாரு, நீங்களா எழுதினது இது? வீட்டுக்கு வரேன்னு எல்லாம் நம்ம எழுதலாமா? படிங்க, ஏமுந்தி இதுல?"

டீச்சர் நோட்டை எடுத்தார். அந்தப் பக்கத்தைப் படித்தார். முன்பக்கங்களைப் புரட்டினார். முதலில் இருந்த புகார், அதற்குப் பதில், கடிதம், அதற்குப் பதில் என்று எல்லாவற்றையும் படித்தார். அந்த வருஷத்தில் பரணி எழுதியதை அவர் படித்தது அன்றுதான் முதல் தடவை. படித்து முடித்ததும் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். செத்தோம் என்று நினைத்தேன்.

என் பெயரைச் சொன்னால் சிவப்புப் பேனா என் கைக்கு எப்படி வந்தது என்று சார் கேட்பார். அதற்குப் பதில் டீச்சரிடம் இல்லை. இது எனக்குத் தோன்றிய அதே நொடியில் அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"இது என் எழுத்து இல்லை சார்" என்றார். "நான் டிக் போட்டுக் கையெழுத்துதான் போடுவேன். இதெல்லாம் இவளே எழுதிண்டிருக்கா. என்னை மாதிரியே எழுதிப் பழகியிருக்கா பாருங்கோ."

செங்கல்வராயன் ஒரு நிமிஷம் புரியாமல் நின்றார். பிறகு புரிந்தது. ஒரு நாள் முழுக்க வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அடுத்தவர் வீட்டில் நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருந்தது எதற்கு என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. திரும்பி மகளை ஓங்கி ஓர் அறை அறைந்தார். அவள் அலமாரியில் போய் இடித்துக்கொண்டாள்.

"செப்பும்மா, நீதான் எழுதினாயா?" என்றார் சார்.

பரணி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பரணியின் முகத்தில் முதலில் குழப்பம்தான் இருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்ததை நான் கதவருகிலிருந்தே பார்த்தேன். டீச்சருடைய வேலைக்கு ஆபத்து வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்படித்தான் அவளுக்குப் புரிந்தது.

"ஆமா சார். நான்தான் எழுதினேன்."

"எந்துக்கு?"

இருபது வரி கேட்டால் நாற்பது வரி எழுதுகிறவள். "சும்மா" என்றாள்.

சார் மேற்கொண்டு கேட்கவில்லை. டி.சி. எழுத உட்கார்ந்தார். செங்கல்வராயன் டீச்சருக்கு முன்னால் கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா. ஆத்தா இல்லாம வளந்தது. உங்க பேரக் கெடுத்துருச்சி."

"பரவாயில்லை போங்கோ" என்றார் டீச்சர். "கொழந்தைதானே."

அதைக் கேட்டு எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. வேறு எதுவும் இல்லை, தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போல வருகிறது, ஆனால் அன்று அதுதான் தோன்றியது.

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செங்கல்வராயன் முன்னால் இறங்கிப் போனார். பின்னால் வந்த பரணி கதவருகில் என்னைத் தாண்டும்போது நின்றாள். கன்னம் தடித்திருந்தது. நைனா திரும்பிப் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு என் காதருகில் குனிந்தாள்.

"சொர்ணா, நீ லீடர்தான, டீச்சர்கிட்ட தனியா இருக்கும்போது ஒண்ணு சொல்லிடு. நான் பலமனேர் போனாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது, பயப்பட வேணாம்னு சொல்லு."

"சொல்றேன்" என்றேன்.